பாஸ்டன் முதல் ஆல்பத்தின் கிதார் அடுக்கை வீட்டில் கட்டுவது எப்படி

1976 ஆகஸ்டில் எபிக் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட, பாஸ்டன் என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் எட்டே பாட்டு. மொத்தமாக நாற்பது நிமிடம்கூட வராது. அமெரிக்காவில் மட்டும் 1.7 கோடி பிரதிகளுக்குச் சான்றிதழ் பெற்ற இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி மாசசூசெட்ஸில் உள்ள வாட்டர்டவுனில், போலராய்டு கேமரா நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினீயரும் குழுவின் கிதார் கலைஞருமான டாம் ஷோல்ஸின் வீட்டு அடித்தள அறையில், 12 டிராக் ஸ்கல்லி டேப் மெஷினில் பதிவானது. குரல்களை மட்டும் குழுவின் பாடகர் பிராட் டெல்ப் லாஸ் ஏஞ்சலஸில் பாடிச் சேர்த்தார். முழுக்க அங்கேயே பதிவானது கடைசிப் பாட்டான ‘லெட் மீ டேக் யூ ஹோம் டுநைட்’ ஒன்றுதான்.

இதைக் கேட்டுவிட்டுப் பெடல் (சத்தத்தை மாற்றும் காலால் அழுத்தும் பெட்டி) வாங்கக் கிளம்புகிறவர்கள் அதிகம். காசு வீண். அந்தப் பெரிய சத்தத்தின் முக்கால் பங்கு, ஒரே பகுதியை இரண்டாவது முறையும் இம்மி பிசகாமல் வாசித்ததால் வந்தது. கீழே உள்ளதெல்லாம் அதைப் பழகுவதற்கான வழிதான். உதாரணத்துக்கு ‘மோர் தேன் எ ஃபீலிங்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். தேவையானவை: ஒரு அக்கூஸ்டிக் கிதார், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள ஒரு எலக்ட்ரிக் கிதார், கிதாரையும் மைக்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இரண்டு இன்புட் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், ஏதாவது ஒரு ரெக்கார்டிங் மென்பொருள்.

முதலில் பிரித்துக் கேளுங்கள்

பாட்டை ஹெட்ஃபோனில் முழுதாகக் கேட்டபின், இடது பக்கத்தை மட்டும் ஒரு தடவை, வலது பக்கத்தை மட்டும் ஒரு தடவை கேளுங்கள். அடுத்து ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் ‘இன்வர்ட்’ செய்து (அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் ஒன்றாகக் கலக்குங்கள். இரு பக்கமும் சமமாக இருந்தவை, அதாவது முதன்மைக் குரல், பேஸ், கிக் டிரம் எல்லாம் பெருமளவு மறைந்துவிடும். பக்கங்களுக்குத் தள்ளப்பட்ட கிதார்களும் பின்குரல்களும் மிஞ்சும். அடுக்கு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது அப்போதுதான் தெளிவாகக் கேட்கும். சிடியிலிருந்து எடுத்த ஃபைலோ லாஸ்லெஸ் ஃபைலோ இருந்தால்தான் இது சரியாக வரும். மட்டமான எம்பி3 என்றால் மிஞ்சுவது தண்ணீருக்குள் பேசுவதுபோல் கொழகொழக்கும்.

பாட்டின் பகுதிகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை கிதார் என்று பக்கத்தில் குறியுங்கள். சரணத்தில் அக்கூஸ்டிக் மட்டும் இருப்பதால்தான் கோரஸ் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. எல்லா இடத்திலும் எட்டு கிதாரை நிரப்பினால் எந்த இடமும் பெரிதாகத் தெரியாது.

தொடக்க ஆர்பெஜியோ

ஆர்பெஜியோ என்றால் கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது. வேகம் நிமிடத்துக்கு சுமார் 108 அடி. கார்டுகள் இவை (தடித்த ஆறாம் தந்தியில் தொடங்கி மெல்லிய முதல் தந்தி வரை, எண் ஃபிரெட்டைக் குறிக்கும், × என்றால் ஒலிக்கக் கூடாது):

டி: × × 0 2 3 2
டி சஸ் 4: × × 0 2 3 3
சி ஆட் 9: × 3 2 0 3 0
ஜி/பி: × 2 0 0 3 3
ஜி: 3 2 0 0 3 3

இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட் ஐந்திலும் அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். அங்கே மோதிர விரலை வைத்தால் கடைசி வரை எடுக்கவே கூடாது. டி சஸ் 4-க்குச் சுண்டு விரல் முதல் தந்தியில் கூடுதலாக அமரும். சி ஆட் 9-க்கு நடுவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஐந்தாம், நான்காம் தந்திகளுக்கு நகரும். அந்த மோதிர விரலில் ஒலிப்பது டி ஸ்வரம், இந்தப் பாட்டின் ஷட்ஜம். கார்டு எது மாறினாலும் அது தம்புரா மாதிரி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். விரலை எடுத்து எடுத்து வைத்தால் அந்த ஓட்டம் அறுந்து, வெறும் கார்டு மாற்றமாகத் தட்டையாகிவிடும்.

அசலில் ஒலிப்பது 12 தந்தி கிதார். அது இல்லாவிட்டாலும் வழி உண்டு. 12 தந்தி செட் ஒன்று வாங்குங்கள். அதற்குள்ளேயே ஒரு சாதாரண செட்டும், இன்னொரு மெல்லிய செட்டும் இருக்கும். சாதாரண செட்டைப் போட்டு ஒரு தடவை பதிவு செய்யுங்கள். பிறகு மெல்லிய செட்டைப் போட்டு, ஆறாவது முதல் மூன்றாவது வரையிலான நான்கு தந்திகளை வழக்கத்தைவிட ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே சுருதி சேர்த்து, அதையே மறுபடி வாசியுங்கள். தந்திகளைத் தனித்தனியாக வாங்குவதானால், ஆறாவதிலிருந்து முதல் தந்தி வரை அளவுகள்: .027, .018, .012, .009, .014, .010. புதுத் தந்தி ஓரிரு மணி நேரம் இளகிக்கொண்டே இருக்கும். இழுத்து இழுத்து சுருதி சேர்த்து, நின்றபிறகுதான் ரெக்கார்ட் பட்டனைத் தொடவேண்டும்.

இரண்டு டிராக்கையும் இரு ஓரங்களுக்குத் தள்ளுங்கள். பாட்டு மெல்ல எழும்பி வரும் ஃபேட் இன் விஷயத்தை மிக்ஸில் பார்த்துக்கொள்ளலாம். வாசிக்கும்போது கையைக் குறைக்க வேண்டாம்.

கோரஸ் கிதார்: இரண்டு தடவை வாசிப்பது

ஜி, சி, இ மைனர், டி. இவ்வளவுதான் கார்டு. கஷ்டமெல்லாம் வலது கையில். எந்த அடி திறந்த அடி, எந்த அடியில் உள்ளங்கையால் தந்தியை அமுக்குகிறீர்கள், எங்கே மேல்நோக்கி அடிக்கிறீர்கள் என்பதை ஒரு பாருக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘உணர்ந்து வாசிப்பது’ என்பதை சோலோவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்டார்ஷனை (கிதார் சத்தத்தின் கரகரப்பை) தனியாகக் கேட்டால் கொஞ்சம் போதாது என்று தோன்றும் அளவில் வையுங்கள். நான்கு டிராக் சேரும்போது அது தானாகக் கூடும். ஒவ்வொன்றிலும் கெயினை (கரகரப்பைக் கூட்டும் அளவை) முழுதாக வைத்தால், சேர்ந்தபின் அடிகளின் முனை மழுங்கி வெறும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் வரும். ஆம்ப் சிமுலேஷனுக்கு (ஆம்ப்பின் சத்தத்தை மென்பொருளிலேயே உருவாக்குவதற்கு) முன்னால், அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் ஒரு இக்யூ: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 800 ஹெர்ட்ஸ் அருகே 4 முதல் 6 டெசிபல் ஏற்றம். ஆம்ப்புக்குப் பிறகு 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மெதுவாக இறக்கம். இந்த நடுப்பகுதி ஏற்றத்தில்தான் கிதார் கொஞ்சம் வயலின் சாயலில் பாடத் தொடங்கும்.

நிஜ வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஷோல்ஸ் தன் 100 வாட் மார்ஷலை முழுச் சத்தத்தில் ஓட்டி, ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தானே செய்த சத்தம் குறைக்கும் பெட்டியை மாட்டினார். அதுதான் பின்னாளில் ‘பவர் சோக்’ என்று விற்பனைக்கு வந்தது. அதைப் பார்த்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு நேராக இன்டர்ஃபேஸில் செருகாதீர்கள். சுமை இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். சரியான ஓம் அளவுள்ள அட்டெனுவேட்டரோ (சத்தம் குறைக்கும் பெட்டி) லோட் பாக்ஸோ (ஸ்பீக்கருக்குப் பதில் சுமை தரும் பெட்டி) கட்டாயம். அபார்ட்மென்ட்வாசிகளுக்கு சிமுலேஷனே மேல்.

இனி டபுள் டிராக்கிங். முதல் டேக் இடது ஓரம், இரண்டாவது வலது ஓரம். இரண்டாவதை வாசிக்கும்போது முதலாவது சன்னமாகவும், ஹை-ஹாட் அல்லது மெட்ரோனோம் சத்தமாகவும் கேட்கட்டும். முதல் டேக்கைத் துரத்தி வாசித்தால் எப்போதும் ஒரு இழை பிந்தித்தான் போவீர்கள். இரண்டுக்கும் இடையே 10 முதல் 30 மில்லி செகண்ட் வித்தியாசம் இருந்தால் அகலம். 50-ஐத் தாண்டினால் எதிரொலி. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி பாருங்கள்.

குறுக்கு வழியாக முதல் டேக்கையே காப்பி செய்து மறுபக்கம் வைப்பதில் பயனில்லை. இரண்டும் ஒன்றேதான் என்பதால் சத்தம் கூடுமே தவிர, கிதார் நடுவிலேயே நிற்கும். காப்பியைச் சற்றுத் தள்ளி வைத்தால் அகலம் வந்த மாதிரி இருக்கும். ஆனால் மோனோவில், உதாரணமாக ஒரே ஸ்பீக்கர் உள்ள ஃபோனில் கேட்டால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்து, கிதார் டப்பாவுக்குள் போய்விடும். முடித்ததும் மிக்ஸை ஒருமுறை மோனோவில் போட்டுப் பாருங்கள்.

ஜோடி லீட்: ஹார்மனியை ஸ்வரக் கணக்கில் பிடிப்பது

இந்த ஆல்பத்தின் லீட் கிதார் வாயால் பாடக்கூடிய மெட்டு. பாடிப் பழகிவிட்டு வாசிப்பது நல்லது. ஜோடியாகப் போகும் இடங்களில் மேல் கிதார் ஸ்கேலில் இரண்டு படி மேலே நிற்கும்: ச-வுக்கு க, ரி-க்கு ம, க-வுக்கு ப. டி-யை ஷட்ஜமாக வைத்தால், சங்கராபரண ஸ்வரங்களுக்கு இரண்டு தந்தியில் விரல் இடங்கள் இப்படி:

இரண்டாம் தந்தியில் கீழ்க் குரல்: 3, 5, 7, 8, 10, 12
முதல் தந்தியில் மேல் குரல்: 2, 3, 5, 7, 9, 10

இடைவெளி ஒரே அளவாக இல்லை. ச–க நான்கு அரைச்சுரம், ரி–ம மூன்று. வாசிப்பதற்குத் தானாகவே ஜோடிக் குரல் சேர்க்கும் ஹார்மனைசரில் ‘மேலே 4’ அரைச்சுரம் என்று நிரந்தரமாக வைத்தால் பாதி ஸ்வரங்கள் அபஸ்வரமாவது இதனால்தான். ஸ்கேலைக் குறிப்பிடும் வசதி இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் இரண்டு தடவை கையால் வாசித்ததன் உயிர் அதில் வராது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அடியில் சி ஆட் 9 ஒலிக்கும்போது நிஷாதம் இறங்கிவிடுகிறது. காகலி நிஷாதம் போய் கைசிகி, அதாவது ஹரிகாம்போதி. அந்த இடத்தில் மேல் குரலின் 9-ஆம் ஃபிரெட் 8 ஆக மாறவேண்டும். பழக்கத்தில் 9-ஐத் தொட்டால் சி-க்கும் சி ஷார்ப்புக்கும் உரசல் விழும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு இடம் மட்டும் கரகரத்தால் முதலில் இதைப் பாருங்கள்.

தந்தியை வளைக்கும் இடங்களில் கணக்கு இன்னும் நுட்பமாகும். கீழ்க் குரல் டி-யிலிருந்து இ-க்கு முழுச் சுரம் வளையும்போது, மேல் குரல் எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி-க்கு அரைச் சுரம்தான் வளையவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேரவும் வேண்டும். நீண்ட ஸ்வரங்களில் விரலால் தந்தியை ஆட்டும் அசைவின் (வைப்ரேட்டோ) வேகத்தையும் தாளத்தோடு கட்டுங்கள், ஒரு பீட்டுக்கு மூன்று அல்லது நான்கு என்று. இரண்டு கிதார் இரண்டு வேகத்தில் அசைந்தால் சுருதி சுத்தமாக இருந்தும் தள்ளாடும்.

குரல்கள்

டெல்ப் தன் குரலையே அடுக்கி ஹார்மனி கட்டினார். ஒரே தொண்டை என்பதால் குரல்கள் ஒட்டிக்கொள்கின்றன. வீட்டில் ஆறு டேக் போதும்: மெட்டு இரண்டு, மேல் ஹார்மனி இரண்டு, கீழ் ஹார்மனி இரண்டு. முதன்மைக் குரலைத் தனியாக, மைக்கிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பாடுங்கள். அடுக்குக் குரல்களுக்கு 40 செ.மீ. விலகி நில்லுங்கள். மேல் குரலை முதலில் எடுங்கள். தொண்டை களைத்தபின் அது ஏறாது. அடுக்கில் ‘ஸ்’, ‘ட்’ போன்ற முனைகளை ஒரு டேக்கில் மட்டும் தெளிவாகச் சொல்லி, மற்றவற்றில் விழுங்கிவிடுங்கள். ஆறு ‘ஸ்’ ஆறு இடத்தில் விழுந்தால் குக்கர் விசில்தான். மூச்சு இழுக்கும் சத்தங்களையும் வெட்டுங்கள். சுருதி மேலே மேலே போனால் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள்.

டெல்ப்பின் உச்சம் பெரும்பாலோருக்கு எட்டாது. கத்த வேண்டாம், எல்லாத் தந்திகளையும் இரண்டு அரைச்சுரம் இறக்குங்கள். விரல் இடங்கள் மாறாது.

மற்ற பாட்டுகளுக்குப் போகும்போது

‘ஃபோர்ப்ளே’ முழுக்கத் திஸ்ர நடையில் பறக்கும் ஆர்கன். பாதி வேகத்தில் தொடங்கி, பிசகில்லாமல் மூன்று தடவை வந்தபிறகே நாலு நாலு பிபிஎம்மாக (நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற கணக்கில்) ஏற்றுங்கள். அதைத் தொடரும் ‘லாங் டைம்’ பாட்டின் லீட், குழுவின் இன்னொரு கிதார் கலைஞரான பாரி குட்ரோவுடையது. ஷோல்ஸின் லீடோடு ஒப்பிட்டுக் கேட்டால் கை வித்தியாசம் தெரியும். அதில் வரும் கைதட்டலை நான்கைந்து டேக், உள்ளங்கையைக் குவித்தும் விரித்தும், மைக்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி எடுங்கள். ‘ஹிட்ச் எ ரைட்’ ஆர்கன் சோலோவில் ஸ்வரம் வளைவது, ஓடும் டேப் ரீலை ஷோல்ஸ் விரலால் தடுத்ததால். உங்களுக்குக் கீபோர்டின் பிட்ச் வீல் போதும், வீச்சு இரண்டு அரைச்சுரம். ‘ஸ்மோக்கின்’ பாட்டுக்கு ஹாமண்ட் ஆர்கனின் டிராபார்களில் (தொனியை மாற்றும் இழுப்புப் பட்டைகள்) முதல் மூன்றை முழுதாக இழுத்து, மற்றவற்றை மூடித் தொடங்குங்கள்.

கடைசியாக ஒரு கட்டுப்பாடு. மென்பொருளில் எத்தனை டிராக் வேண்டுமானாலும் திறக்கலாம், திறக்காதீர்கள். டிரம்ஸ் 2, பேஸ் 1, அக்கூஸ்டிக் 2, எலக்ட்ரிக் ரிதம் 2, லீட் ஜோடி 2, முதன்மைக் குரல் 1, அடுக்குக் குரல் ஆறையும் கலந்து சுருக்கிய ஸ்டீரியோ 2. மொத்தம் 12. குரல்களைச் சுருக்கும் முன் மேல் ஹார்மனியை மெட்டைவிட 3 டெசிபல் குறைத்து வையுங்கள், சுருக்கியபின் அந்த விகிதத்தை மாற்ற முடியாது.