கொரங்காட்டில் ஒரு குழி: தண்ணீர் தேங்காத மேய்ச்சல் மண்ணை வகைப்படுத்துவது எப்படி?

காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கம் போனவர்களுக்குக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் தெரிந்திருக்கும். முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் அசைபோடும் மாடுகள். அந்தத் தரையைக் காட்டி இது என்ன மண் என்று கேட்டால், "செம்மண்ணுங்க, சரளை கலந்தது, தண்ணி நிக்காது" என்பார்கள். தப்பில்லை. ஆனால் இந்தப் பதில் மேலே ஒரு சாண் ஆழத்துக்குத்தான் பொருந்தும். ஒரே காட்டுக்குள் நூறடி இடைவெளியில் நான் தோண்டிய இரண்டு குழிகள், அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாட்டில் இரண்டு வேறு வரிசைகளில், அதாவது பெரும்பிரிவுகளில், போய் உட்கார்ந்தன. மேலிருந்து பார்க்க இரண்டும் ஒரே சிவப்பு. வித்தியாசமெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான்.

தேவையானவை: கடப்பாரை, மண்வெட்டி, அளவு நாடா, பெரிய ஆணி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு எலுமிச்சம்பழம். மண்ணின் நிறத்தை ஒப்பிட்டு எண்ணால் குறிக்க உதவும் மன்செல் நிற அட்டை இரவல் கிடைத்தால் நல்லது. விலை கொஞ்சம் அதிகம்.

படி 1: இடம் பார்ப்பது

மரத்தடி, பட்டி போட்ட இடம், கரையான் புற்றின் அருகு, வேலியோரம் எல்லாம் வேண்டாம். மேலே சொன்ன இரண்டு குழிகளுக்கும் முன்னால், வெயிலுக்குப் பயந்து வெள்வேல மரத்தடியில் ஒரு குழி எடுத்தேன். மேல்மண் கருகருவென்று இருந்தது. ஆகா, எவ்வளவு வளம் என்று குறிப்பெழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, அது பல வருடம் மாடு படுத்த இடம். நான் விவரித்தது சாணியை. காட்டின் பெரும்பகுதி எப்படி இருக்கிறதோ, அப்படி இருக்கும் சாதாரண இடம்தான் வேண்டும்.

படி 2: குழியும் அடுக்குகளும்

ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். பாறை முன்னாலேயே தட்டினால் அங்கேயே நிறுத்தலாம். வெயில் நேராக விழும் பக்கத்தைப் பார்க்கும் சுவராக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவருக்கு மேலே நிற்காதீர்கள், தோண்டிய மண்ணையும் அங்கே கொட்டாதீர்கள். மேல்மண் ஒரு குவியல், அடிமண் ஒரு குவியல். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மண்வெட்டி பட்ட சுவர் மழுங்கிப்போய் ஒன்றுமே சொல்லாது. ஆணியால் மேலிருந்து கீழாகக் குத்திக் குத்தி, கட்டிகள் தானாக உடைந்து விழும்படி செய்யுங்கள். நிறம், இறுக்கம், கல்லின் அளவு எங்கே மாறுகிறதோ அங்கே ஒரு கோடு. வேர் நிறைந்த மேலடுக்கு 'ஏ', அதன் கீழே மாற்றம் கண்ட அடுக்கு 'பி', மக்கிக்கொண்டிருக்கும் பாறை 'சி'. இந்தப் பகுதியில் அடிப்பாறை பெரும்பாலும் நைஸ் (gneiss) என்ற வரிவரியான பாறை. மக்கிய பிறகு விரலால் நசுக்கினாலே உதிரும், ஆனாலும் பாறையின் வரிகள் அப்படியே தெரியும்.

ஒவ்வொரு அடுக்கிலும் கல் எவ்வளவு என்றும் குறியுங்கள். 2 மில்லிமீட்டருக்குப் பெரியதெல்லாம் சரளைக் கணக்கு. கன அளவில் 15 சதவீதத்தைத் தொட்டால்தான் 'சரளை மண்' என்ற அடைமொழி. 35-ஐத் தாண்டினால் 'மிகுசரளை'.

படி 3: கையில் பிசைந்து பார்ப்பது

ஒரு பிடி மண்ணில் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, சப்பாத்தி மாவுப் பதத்துக்குத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் நெருக்கி நாடா போல வெளியே தள்ளுங்கள். 2.5 செ.மீ. நீளுமுன் ஒடிந்து, விரலில் நறநறவென்றால் சாண்டி லோம், அதாவது மணல் தூக்கலான கலப்பு மண். 2.5-இலிருந்து 5 செ.மீ. வரை நீண்டால் களி கூடியிருக்கிறது. அதற்கு மேலும் நீண்டால் களிமண். என் முதல் குழியின் 'ஏ' அடுக்கில் நாடா ஒரு செ.மீ. தாண்டவில்லை. 'பி' அடுக்கில் நாலு செ.மீ. வந்தது. இதைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 4: வடிகால்

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு அடி ஆழக் குழியில் தண்ணீர் ஊற்றி, அது இறங்கியதும் மறுபடி ஊற்றி, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளப்பார்கள். செய்து பாருங்கள், பயனுள்ளதுதான். ஆனால் அது அந்த ஒரு மத்தியானத்தில் அந்த ஒரு துளைக்குள் தண்ணீர் இறங்கிய வேகம் மட்டுமே. மண்ணின் வடிகால் வகை என்பது வருடா வருடம், மழைக்காலம் முழுக்க, எந்த ஆழத்தில் எத்தனை நாள் ஈரம் தேங்குகிறது என்ற கணக்கு.

அத்தனை வருடம் உட்கார்ந்து பார்க்க முடியாது. தேவையும் இல்லை. மண்ணே நிறத்தில் எழுதி வைத்திருக்கிறது. காற்றுப் படும் மண்ணில் இரும்பு துருப்பிடித்துச் சிவக்கும். நீர் தேங்கி மூச்சுமுட்டும் மண்ணில் அதே இரும்பு கரைந்து நகர்ந்துவிடும். அது போன இடம் சாம்பல் திட்டாகவும், மறுபடி படிந்த இடம் துருப்புள்ளியாகவும் நிற்கும். அமெரிக்க வேளாண் துறையின் முறையில் வடிகால் வகைகள் ஏழு. சுவரை மேலிருந்து கீழே ஒரு மீட்டர் தேடியும் சாம்பல் திட்டு இல்லாமல், சீரான சிவப்போ பழுப்போ இருந்து, அதே நேரம் பயிருக்கு வேண்டிய ஈரத்தையும் பிடித்து வைக்கும் மண் 'நல்ல வடிகால்' வகை. வெறும் மணலாக, ஊற்றியதெல்லாம் ஓடிவிடும் மண் அந்த வகையில் வராது. அது 'மிகை வடிகால்'. மேய்ச்சல்காரருக்கு இரண்டும் ஒன்றல்ல. மழை நின்று எத்தனை நாள் புல் பச்சையாக இருக்கும் என்பதே இதில்தான் இருக்கிறது.

படி 5: சுண்ணாம்பு

ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுவார்கள். நமக்கு எலுமிச்சைச் சாறு போதும், சற்று மெதுவாக வேலை செய்யும். காதருகே வைத்தால் சோடா மூடி திறந்த மாதிரி மெல்லிய சத்தம் கேட்கும். முதல் குழியில் 90 செ.மீ. வரை ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது குழியில் மேல்மண்ணிலேயே பொங்கியது. 40 செ.மீ.க்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், அதாவது இறுகிய சுண்ணாம்புக் கட்டி, கடப்பாரை எகிறுகிற அளவுக்கு. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழை மட்டுமே கிடைக்கும் ஊரில் தண்ணீர் சுண்ணாம்பைக் கொஞ்ச தூரம் கரைத்து இறக்கும். முழுக்க அடித்துச் செல்லும் அளவுக்கு மழை இல்லை. இறக்கிய இடத்தில் அது இறுகிவிடுகிறது.

படி 6: பெயர் வைப்பது

அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாடு 1975-இல் வெளியானது. இந்தியாவிலும் மண் வரைபடங்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 12 வரிசைகள். அவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க உதவும் கேள்விப் பட்டியலை (திறவுகோல்) மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, முதலில் எது பொருந்துகிறதோ அங்கே நிற்க வேண்டும். நமக்குத் தேவையில்லாதவை சீக்கிரம் கழிந்துவிடும். பனியுறைந்த மண் இல்லை, எரிமலைச் சாம்பல் இல்லை, கரிசல் போல வெடித்து, கட்டிகள் ஒன்றோடொன்று உரசி வழவழப்பான முகம் காட்டவில்லை. கடைசியில் மிஞ்சுவது மூன்று: ஆல்ஃபிசால், இன்செப்டிசால், என்டிசால்.

ஆல்ஃபிசாலா என்பதற்குச் சோதனை, களி கீழே இறங்கிச் சேர்ந்திருக்கிறதா என்பது. மேலடுக்கில் களி 15 சதவீதத்துக்குக் குறைவு என்றால், கீழடுக்கில் குறைந்தது 3 சதவீதப் புள்ளிகள் கூடியிருக்க வேண்டும். 15-இலிருந்து 40 வரை என்றால் 1.2 மடங்கு. நாடாவின் நீளம் இதைக் கோடிகாட்டும், துல்லியத்துக்கு ஆய்வக அளவு வேண்டும். ஆனால் உண்மையான சாட்சி லென்ஸில் தெரியும். 'பி' அடுக்கில் ஒரு கட்டியைக் கையால் பிளந்து, முகத்தை வெயிலுக்குத் திருப்புங்கள். எண்ணெய் தடவிய விரல் பட்ட மாதிரி மினுமினுப்பாக ஒரு மெல்லிய பூச்சு தெரிந்தால், அது தண்ணீரோடு இறங்கிவந்து ஒட்டிய களி. முதல்முறை பார்த்தபோது நான் அரைமணி நேரம் குழியை விட்டு ஏறவில்லை.

பெயரைப் பகுபதம் பிரிப்பது போலப் பிரிக்கலாம், விகுதியிலிருந்து. முதல் குழி 'ஹாப்லஸ்டால்ஃப்': 'ஆல்ஃப்' என்றால் வரிசை ஆல்ஃபிசால். 'அஸ்ட்', எரிந்த என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, வருடத்தில் நீண்ட வறட்சி உண்டு என்று சொல்கிறது. 'ஹாப்ல்' என்றால் எளிய, விசேஷம் எதுவும் இல்லாத என்று அர்த்தம். ஈரத்தில் பார்க்கும்போது நிறம் அடர்சிவப்பாக, மன்செல் அட்டையில் 2.5 ஒய்ஆர் (மஞ்சள்-சிவப்புச் சாயல்; எண் குறையக் குறையச் சிவப்பு கூடும்) பக்கத்தில் வெளிர்மையைக் காட்டும் மதிப்பு 3 அல்லது அதற்குக் கீழே விழுந்திருந்தால் 'ரோடஸ்டால்ஃப்' ஆகியிருக்கும். என்னுடையது 5 ஒய்ஆர்.

இரண்டாவது குழியில் களிப்பூச்சு இல்லை. சுண்ணாம்பு அடுக்கு 15 செ.மீ.க்கு மேல் தடிமன், மேலே எல்லாமே பொங்குகிறது. சுண்ணாம்பு அளவு 15 சதவீதத்துக்குக் குறையாது என்று ஆய்வகமும் சொன்னதால் அது 'கால்சியஸ்டெப்ட்', இன்செப்டிசால் வரிசை. 50 செ.மீ.க்குள் கெட்டிப் பாறை வந்திருந்தால் முன்னால் 'லித்திக்' சேரும். இந்த அடுக்கு எதுவும் உருவாகாமல் நேராகப் பாறை மக்கல் மட்டும் என்றால் என்டிசால்.

இதற்குக் கீழே ஊர்ப்பெயர் வைத்த மண் தொடர்கள் இருக்கின்றன: இருகூர், பாலத்துறை, சோமையனூர் என்று. அதைச் சொந்தமாக முடிவு செய்ய வேண்டாம். உங்கள் குறிப்பை மாவட்ட மண் ஆய்வு அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 7: குழியை மூடுவது

அன்றைக்கே மூடிவிடுங்கள், ராத்திரி ஆடு விழும். அடிமண்ணை முதலில் தள்ளி, மிதித்து இறுக்கி, மேல்மண்ணைக் கடைசியில் போடுங்கள். கொழுக்கட்டைப் புல்லின் விதை அந்த மேல் சாணில்தான் இருக்கிறது. மாற்றிப் போட்ட என் பழைய குழி ஒன்று, இரண்டு மழைக்காலம் கடந்தும் காட்டின் நடுவில் மொட்டையாகக் கிடக்கிறது.