சென்னை வட்டார ரயில் திட்டங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் தினமும் போய்வருபவர்களிடம் கேட்டால் முதலில் சொல்லும் புகார், நடுவழியில் வண்டியை நிறுத்திப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வேண்டும், இல்லையென்றால் முன்னால் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருக்கும். அத்திப்பட்டு வரை கூடுதல் பாதைகள் உண்டு. அதற்கு வடக்கே நீண்ட காலமாக இரண்டே பாதைதான். எண்ணூர்ப் பக்கத்துத் துறைமுகச் சரக்கும் வட இந்திய எக்ஸ்பிரஸ்களும் மின்சார ரயில்களும் அந்த வட்டாரத்தில்தான் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன.

முதல் தவறு இங்கே தொடங்குகிறது. பயணிகளுக்கு ஒரு திட்டம், சரக்குக்கு வேறொரு திட்டம் என்று தனித்தனிக் கோப்பில் யோசிக்கிறார்கள். ஓடுவதோ ஒரே தண்டவாளத்தில். எல்லா வண்டியும் ஒரே வேகத்தில் போனால் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக விடலாம். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கும் மின்சார ரயில், நிற்காமல் பறக்கும் எக்ஸ்பிரஸ், மெதுவாக நகரும் கூட்ஸ் என்று கலந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் நடுவே பெரிய இடைவெளி விட வேண்டியிருக்கும். அதனால் ‘இந்தப் பாதையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி ஓட்டலாம்’ என்ற ஒற்றை எண்ணை நம்பிப் புதிய ரயில் அறிவிப்பது ஏமாற்றத்தில்தான் முடியும்.

சரக்கை ஓரம்கட்டினால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. இந்திய ரயில்வேயில் பயணிகள் கட்டணத்தில் விழும் பள்ளத்தைச் சரக்கு வருமானம்தான் நிரப்புகிறது. நாட்டின் சரக்கில் 27% அளவுக்குச் சுருங்கிவிட்ட ரயிலின் பங்கை 2030-க்குள் 45% ஆக்க வேண்டும் என்பது தேசிய ரயில் திட்டத்தின் இலக்கு. வழியில் நிறுத்திவைத்துக்கொண்டே அந்த இலக்கை எப்படி எட்டுவது? சரக்கு என்றால் நிலக்கரி மட்டும் என்று நினைப்பதும் பழைய பழக்கம். வாலாஜாபாத்தில் கார்கள் ரயிலேறுகின்றன. பயணிகள் ரயிலில் ஓடி ஓய்ந்த பழைய பெட்டிகளையே மாற்றி அதற்கான வேகன்களாக்கியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நிலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது. வேளச்சேரியில் நின்ற பறக்கும் ரயிலைப் பரங்கிமலைக்கு நீட்ட வேண்டிய தூரம் 5 கிலோமீட்டர். 2008-ல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டருக்கான நிலப் பிரச்சினையில் பல ஆண்டுகள் தூண்கள் அந்தரத்தில் நின்றன. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரி போகும் புதிய பாதையும் பத்தாண்டுக்கு மேலாகப் பேச்சளவில்தான் இருக்கிறது. அதற்குள் அந்தப் பகுதி முழுக்கத் தொழிற்சாலையும் மனைப்பிரிவும் வந்துவிட்டன. இனி ஒவ்வொரு சென்ட்டுக்கும் வழக்குதான்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-ல் விரித்தார்கள். இந்தப் பரப்புக்கான மாஸ்டர் பிளானில் வருங்காலப் பாதைகளை இன்றே கோடு போட்டு ஒதுக்கிவிட்டால், அதன்மேல் லேஅவுட் அனுமதி கொடுக்கும் வேலை நடக்காது. ஒதுக்கும்போது இரண்டு பாதைக்கு மட்டும் ஒதுக்குவதும் தவறு. தாம்பரம் - செங்கல்பட்டில் மூன்றாவது பாதை போட்டு முடித்த கையோடு நான்காவதைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. மேம்பாலங்களும் அப்படியே. கீழே இரண்டு பாதைக்கு மட்டும் இடம் விட்டுக் கட்டினால், மூன்றாவது வரும்போது பாலத்தையே இடிக்க நேரும். சரக்கு ரயில்களுக்கென்றே போட்ட மேற்குச் சரக்கு வழித்தடத்தில் கண்டெய்னர்களை இரண்டடுக்காக அடுக்கி ஓட்டுகிறார்கள். அதற்கு மின்கம்பி உயரமாக இருக்க வேண்டும், ஆகவே பாலமும் உயரமாக இருக்க வேண்டும். பின்னால் உயர்த்துவதைவிட முதலிலேயே சில மீட்டர் கூட்டிக் கட்டுவது எவ்வளவோ மலிவு.

அப்புறம், வரிசை மாறிப்போவது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தது. ரயில் பாதை பக்கத்திலேயே ஓடியும் நின்று ஏற அப்போது ஸ்டேஷன் இல்லை. மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் ஆட்டோ பிடித்தார்கள். திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 184 ஏக்கரில் வரும், லாரிக்கும் ரயிலுக்கும் இடையே சரக்கை மாற்றி அனுப்பும் சரக்குப் பூங்காவுக்கும் இதே ஆபத்து உண்டு. அதற்கு வேண்டிய ரயில் இணைப்பு சுமார் 10 கிலோமீட்டர்தான், ஆனால் அது பூங்கா திறக்கும் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் லாரியில் அனுப்பிப் பழகி, ஒப்பந்தமும் போட்டுவிட்ட கம்பெனியை மறுபடி ரயிலுக்கு இழுப்பது லேசான காரியமல்ல.

ஓடிக்கொண்டிருக்கும் பாதைக்குப் பக்கத்தில் வேலை நடக்கும்போது பயணிகள் எதில் போவார்கள் என்பதையும் யாரும் எழுதி வைப்பதில்லை. கடற்கரை - எழும்பூர் நான்காவது பாதை 5 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்காகக் கடற்கரை - சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று சொன்னது பதினான்கு மாதம் ஆனது. மாற்றுப் பேருந்து எத்தனை, எந்த நேரத்துக்கு, யார் செலவில் என்பதெல்லாம் கட்டுமான மதிப்பீட்டிலேயே ஒரு வரியாக இருக்க வேண்டும். நிறுத்தத் தேதியை அறிவித்த பிறகு மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கடிதம் எழுதும் வழக்கம் போதாது.