62 மதிப்பெண்ணும் பின்பக்கத்துப் பொடி எழுத்தும்

என் சராசரி நூற்றுக்கு 62. ஜெர்மனியில் மருத்துவம் படிக்க அது குறைவுதான், தெரிந்தேதான் விண்ணப்பித்தேன். ஆனால் நுழைவுத் தேர்வுக்கே கூப்பிடாமல் இரண்டு முறை 'தகுதியில்லை' என்று திரும்பியது. விண்ணப்பத்தைப் பார்த்தவர்கள் கணக்கில் என் மதிப்பெண் 3.28. அங்கே எண் குறைந்தால்தான் நல்லது; எல்லை 3.0, அதைத் தாண்டினால் அவ்வளவுதான்.

நோக்கக் கடிதத்தை நான்கு தடவை திருத்தினேன். வீண் வேலை, கடிதத்தைப் படிக்கும் கட்டத்துக்கே கோப்பு போகவில்லை. ஏஜென்ட் ஒருவர் வேறு நாடு பார்க்கச் சொன்னார்.

அப்புறம்தான் 3.28 எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன். ஜெர்மனியில் பயன்படுத்தும் பவேரிய சூத்திரம் அது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து நம்முடையதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். 1 தான் சிறந்தது, 4 என்றால் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி. தேர்ச்சி மதிப்பெண் 50 என்று வைத்தால் அச்சாக 3.28 வருகிறது. எங்கள் தேர்ச்சியோ 35! அதைப் போட்டால் 2.75.

சரி, 50 எங்கிருந்து வந்தது? மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் தேர்ச்சி விதி இருந்தது. நான் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்திருந்தேன். மொழிபெயர்ப்பாளரும் கொடுத்ததைத்தான் மொழிபெயர்த்தார். பார்த்தவர்கள் 50 என்று தாங்களாகவே வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு பக்கங்களையும் ஸ்கேன் செய்து, சான்றளித்த மொழிபெயர்ப்போடு, தேர்ச்சி 35 என்று தேர்வு வாரியம் தந்த கடிதத்தையும் சேர்த்து மறுகணக்கீடு கேட்டேன். ஒன்பதாம் நாள் 2.75 என்று திருத்தி, நுழைவுத் தேர்வுக்கு அழைப்பு அனுப்பினார்கள்.