ஏழு போர்ட் இருந்தும் ஹார்ட் டிஸ்க் ஓடவில்லை

ஒரு போர்ட்டைப் பலவாக்கும் யூ.எஸ்.பி. ஹப் ஒன்றை விலை குறைவாக வாங்கும்போது நாம் முதலில் எண்ணுவது போர்ட்டுகளைத்தான். நானும் அப்படித்தான் ஏழு போர்ட் ஹப் ஒன்றை வாங்கினேன். கீபோர்டு, மவுஸ், வெப்கேம் எல்லாம் ஒழுங்காக ஓடின. மாதக் கடைசியில் பேக்கப் எடுக்க ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் 'டிக், டிக்' என்று சத்தம். டிரைவ் திரையில் வருவதும் மறைவதுமாக இருந்தது. டிஸ்க் போச்சு என்றே நினைத்தேன். லேப்டாப்பில் நேராகச் செருகினேன், சமர்த்தாக ஓடியது.

பற்றாக்குறை மின்சாரத்தில். தனி அடாப்டர் இல்லாத ஹப், லேப்டாப்பின் ஒரு போர்ட்டில் கிடைப்பதைத்தான் எல்லாவற்றுக்கும் பங்கு போடுகிறது. பழைய வகையான யூ.எஸ்.பி. 2.0 போர்ட் என்றால் 500 மில்லி ஆம்பியர், அதைவிட வேகமான 3.0 என்றால் 900. கீபோர்டு, மவுஸுக்கு இது தாராளம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கோ, கிளம்பும் நொடியில் ஒன்றே பெரும்பங்கைக் கேட்கும். ஆகவே டிஸ்க் செருகுபவர்கள் போர்ட் நாலே இருந்தாலும் அடாப்டரோடு வருவதை வாங்குங்கள். வெறும் கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

அடுத்தது நீல நிறம். போர்ட்டின் உள்ளே நீலமாக இருந்தால் 3.0 என்று நம்பிவிடுகிறோம். நிறம் பூச யாருக்கும் தடையில்லையே! சிலவற்றில் ஒரு போர்ட் மட்டும் 3.0, மற்றவை 2.0. வேகத்தில் 5 ஜிகாபிட்டுக்கும் 480 மெகாபிட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது. ஹப்பின் பிளக்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: முன்னால் நாலு பட்டை, உள்ளே தள்ளி இன்னும் ஐந்து இருக்க வேண்டும். நாலுதான் என்றால் அது 2.0.

அசல் 3.0 ஹப்பிலும் ஒரு தொல்லை உண்டு. அதன் மின் இரைச்சல், வயர்லெஸ் மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். மவுஸின் டாங்கிளை (அதனுடன் வரும் குட்டி ரிசீவரை) ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் செருகினால் கர்சர் திக்கித் திக்கி நகரும். மவுஸில் பேட்டரி மாற்றிப் பயனில்லை. டாங்கிளை லேப்டாப்பின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள்.

டைப்-சி ஹப்பில் மானிட்டரை இணைக்கும் எச்.டி.எம்.ஐ. போர்ட் இருக்கிறதே என்று வாங்குமுன், உங்கள் லேப்டாப்பின் டைப்-சி போர்ட் படம் அனுப்புமா என்று பாருங்கள். சார்ஜும் டேட்டாவும் மட்டும் தரும் போர்ட்டுகள் நிறைய. அப்புறம், '4கே' என்று அட்டையில் போட்டிருந்தால் பக்கத்தில் 30 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா, அதாவது திரையில் படம் நொடிக்கு எத்தனை முறை மாறும் என்றும் பாருங்கள். 30 என்றால் எக்செல் ஷீட்டை உருட்டும்போதே திக்கல் தெரிந்துவிடும்.

மேசைக்கு அடியில் சி.பி.யூ. வைத்திருப்பவர்கள் வயர் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒரு சாண் வயரில் ஹப் அந்தரத்தில் தொங்கும். கால் பட்டால் முதலில் ஆடுவது போர்ட்தான்.