செம்பனையில் பைப்புழு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்தில் ஐந்து, பத்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருக்கும் நம்மவர்களில் பலர், மட்டைகள் தீய்ந்தாற்போல் பழுப்பேறிய பிறகே மலாயில் 'உலாட் புங்குஸ்' எனப்படும் பைப்புழு வந்துவிட்டதென்று மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். இலையைக் கடுமையாக இழந்த மரத்தில் குலை வரத்து இரண்டு ஆண்டுகள் வரை சரிந்தே கிடக்கும் என்பதால், இந்தத் தாமதத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

பைப்புழு ஓர் அந்துப்பூச்சியின் புழுதான் என்றாலும், விளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சியைத் தேடுவது வீண் வேலை. மெட்டிசா பிளானா எனப்படும் இவ்வினத்தில் ஆணுக்கு மட்டுமே சிறகு உண்டு. பெண் தன் பைக்குள்ளேயே இருந்து, நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. ஆகவே பார்க்க வேண்டியது ஓலையின் அடிப்பக்கத்தை. சருகுத் துணுக்குபோல் ஒட்டியிருக்கும், ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாத பையைப் பிளேடால் கீறினால், பட்டு நூல் உறைக்குள் நெளியும் புழுவோ அசையாத கூட்டுப்புழுவோ இருக்கும். பல பைகளில் ஒன்றுமே இராது. வெறும் பைகளையும் சேர்த்து எண்ணிப் பதறுவது அடுத்த தவறு. மட்டைக்கு 10 உயிருள்ள புழுக்கள் என்பதே மருந்தடிப்புக்கு வழக்கமாகக் கொள்ளும் எல்லை.

கீறிப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். இளம்புழுக்களிடம் அது நன்றாகப் பலிக்கும், தீனியை நிறுத்திவிட்ட கூட்டுப்புழுவிடம் பலிக்காது. ஏறத்தாழ மூன்று மாத வாழ்க்கைச் சுழற்சியில் எந்தக் கட்டம் என்று பாராமல் அடிப்பது காசைக் காற்றில் விடுவதுதான்.

எல்லாவற்றிலும் மோசமானது, கண்டதையெல்லாம் கொல்லும் மருந்தை அள்ளித் தெளிப்பது. 1950-களிலும் 60-களிலும் மலாயாத் தோட்டங்களில் அப்படித் தெளித்ததில், புழுவைக் கட்டுக்குள் வைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவிகள் அழிந்து, பைப்புழு முன்னிலும் பெருகியது. 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டு, இன்று செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டும் இத்தகைய மருந்துக்குத் தப்பாது. அதே குளவிகள் தேன் குடிக்க வரும் எட்டு மணிப் பூச்செடியையும் கொடி ரோஜாவையும், தோட்டம் சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று வேரோடு பிடுங்குகிறோம். இந்தச் சுத்தம் யாருக்காக என்று எனக்கு விளங்கவில்லை.

குஞ்சுப் புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றோடு வேலி தாண்டுபவை. பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லாமல் தனியாக மருந்தடித்தால், அவருடைய மரத்திலிருந்தே அவை திரும்பி வரும்.