புதுக் கண்ணாடி பழகவில்லையா?

வெள்ளெழுத்துக்காக முதன்முதலில் புரோகிரசிவ் கண்ணாடி (மேல்பகுதியில் தூரத்துக்கும் கீழ்ப்பகுதியில் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறுவது) வாங்கிய அன்று, கடைப் படியிறங்கும்போது மூன்றாவது படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கைப்பிடிச் சுவர் காப்பாற்றியது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதை மாட்டிக்கொண்டேன். முதல் தவறு அதுதான்.

தலையை வலப்பக்கம் திருப்பினால் கண்கள் தாமாகவே இடப்பக்கம் நகர்கின்றன. அதனால்தான் நாம் நடந்தாலும் உலகம் ஆடாமல் நிற்கிறது. புது லென்ஸ் காட்சியைச் சற்றே பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் இந்தக் கணக்கு பிசகும், தரை மிதக்கும். சிறுமூளை அந்தப் பிசகைக் கண்டுதான் கணக்கைத் திருத்துகிறது. மணிக்கொரு முறை கழற்றினால் எதைத் திருத்தும்? காலையில் எழுந்ததும் போடுங்கள், படுக்கும்வரை இருக்கட்டும்.

1890களில் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் உலகைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை ஒரு கண்ணில் அணிந்து, மறு கண்ணை மூடி, நாள்கணக்கில் நடமாடினார். பழைய உலகம் எட்டிப்பார்த்துவிடக் கூடாதென்று இரவில் கண்களைக் கட்டிக்கொண்டார். முதலில் எதை எடுக்கப்போனாலும் கை தவறான பக்கம் போனது, பிறகு வசப்பட்டது. நமக்குக் கட்டு வேண்டாம், பழைய கண்ணாடியைப் பெட்டிக்குள் போட்டால் போதும்.

தலை சுற்றுகிறதே என்று நாற்காலியை விட்டு எழாமல் இருப்பதும் உதவாது. தலை அசைந்தால்தான் பிசகு தெரியும். வீட்டுக்குள் நடங்கள். இருசக்கர வண்டியை மட்டும் சில நாள் தொடாதீர்கள். ‘இந்த வயதில் மூளை பழகாது’ என்பதையும் விடுங்கள். குழந்தைப் பருவத்தோடு பெரும்பாலும் முடிந்துபோவது சோம்பேறிக் கண் (மூளை ஒரு கண்ணின் பார்வையை ஒதுக்கிவிடுவது) போன்ற சிக்கல்களைச் சரிசெய்யும் வாய்ப்பு. லென்ஸுக்குப் பழகும் திறன் அதன்பிறகும் உண்டு.

இதற்கு நேரெதிரான தவறுதான் ஆபத்தானது: எல்லாவற்றுக்கும் ‘பழகிவிடும்’ என்று பொறுத்திருப்பது. இரண்டு வாரத்துக்குப் பிறகும் நேர்ப்பார்வை மங்கலாக இருந்தால் பவரோ, லென்ஸ் பொருத்திய உயரமோ தவறியிருக்கலாம். கடைக்காரரிடம் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய வில்லங்கம், பார்வையில் விழும் ஓட்டையை மூளை சுற்றுப்புறத்தை வைத்து ஒட்டுப்போட்டு மறைத்துவிடுவது. கண் அழுத்த நோய் பலருக்குத் தாமதமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பிகளைப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் கம்பி நெளிந்தாலோ அறுந்து தெரிந்தாலோ, அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கம்பிகள் நேராகத் தெரிந்தாலும், நாற்பதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளத்தான் வேண்டும்.