போர்டு மாற்றிய பிறகு விண்டோஸ் ஏற்றும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

மதர்போர்டு போய்விட்டது என்று தெரிந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெரும்பாலும் நடப்பது இதுதான். சிபியுவைக் கடையில் கொடுப்பார்கள். மாற்றுப் போர்டு அங்கே இல்லையென்றால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து வரவழைப்பார்கள். போர்டு வந்த கையோடு பென்டிரைவைச் செருகி விண்டோஸ் ஏற்றிவிடுவார்கள். ஏற்றுவது என்னவோ அரை மணி, முக்கால் மணி வேலைதான். காணாமல் போன ஃபைல், செல்லாத லைசென்ஸ், திறக்காத டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) ஆகிய தலைவலிகள் எல்லாம் அதற்கு முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்யாததால் வருபவை.

தேவையே இல்லாமல் ஃபார்மட்

விண்டோஸ் 10, 11 இரண்டும் பழைய எக்ஸ்பி போல அல்ல. அதே ரகப் போர்டு என்றால் பழைய டிஸ்கை அப்படியே மாட்டி ஆன் செய்து பாருங்கள். புதிய ஹார்டுவேரைக் கண்டுகொண்டு, ஓரிரு முறை ரீஸ்டார்ட் ஆகி, பல சமயம் பழைய டெஸ்க்டாப்புக்கே போய்விடும். அதன் பிறகு சிப்செட் டிரைவர் (போர்டின் சிப்களை விண்டோஸ் பயன்படுத்த உதவும் மென்பொருள்) போட்டால் போதும். இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கோ, அங்கிருந்து இங்கோ தாவினால் மட்டும் புதிதாக ஏற்றுவது நல்லது.

நீலத் திரையில் "இனாக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று வந்தாலும் ஃபார்மட்டுக்கு ஓடாதீர்கள். பழைய போர்டில் சாட்டா மோடு (போர்டு டிஸ்கோடு பேசும் முறை) ஏஹெச்சிஐ என்றும் புதியதில் ரெய்டு என்றும் இருந்தால் இப்படித்தான் நிற்கும். பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) அதைப் பழைய போர்டில் இருந்தபடி மாற்றிவிட்டு மறுபடி பூட் செய்து பாருங்கள்.

டிஸ்கைக் கழற்றி காப்பி எடுங்கள்

போர்டு போனால் டிஸ்கும் போய்விட்டதாக அர்த்தமில்லை. டிஸ்கைக் கழற்றி, சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிளில் மாட்டி, வேறொரு கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துவிடலாம். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். விட்டுப்போவது வேறு: சி டிரைவில் பப்ளிக் ஃபோல்டருக்குள் இருக்கும் டேலிபிரைம் டேட்டா, மெயில்கள் இருக்கும் அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ். டிடிபி சென்டர், பத்திர எழுத்தர் அலுவலகம் என்றால் ஃபான்ட்ஸ் ரொம்ப முக்கியம். பாமினியிலும் வானவில்லிலும் அடித்த பழைய ஆவணங்கள் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான்.

காப்பி எடுக்கும்போது டிஸ்க் 48 இலக்க எண்ணைக் கேட்டால், அது பிட்லாக்கர், அதாவது டிஸ்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் (என்க்ரிப்ஷன்) விண்டோஸ் வசதி. அதன் சாவி பழைய போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைந்தது. போர்டு மாறினால் அந்த ரெக்கவரி எண் இல்லாமல் டிஸ்க் திறக்காது. "நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்பவர்களுக்கும் இது நடக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்ளே போயிருந்தால் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். எண் பெரும்பாலும் அந்த அக்கவுண்டிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் தன் சொந்த மெயிலில் அக்கவுண்ட் தொடங்கிக் கொடுத்திருந்தால், அவரைத் தேடித்தான் போக வேண்டும். போர்டு இன்னும் ஓடுகிறது, திட்டமிட்டுத்தான் மாற்றுகிறீர்கள் என்றால் முதலிலேயே பிட்லாக்கரை ஆஃப் செய்துவிடுங்கள்.

எம்பிஆர் என்றதும் டெலிட்

டேட்டா மொத்தமாகப் போகும் இடம் இது. பழைய மெஷின்களில் பலவற்றில் விண்டோஸ் லெகசி என்ற பழைய பூட் முறையில், எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்புள்ள டிஸ்கில் ஏற்றப்பட்டிருக்கும். புதிய போர்டுகள் கேட்பது யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையும் ஜிபிடி என்ற புதிய அமைப்புள்ள டிஸ்கும். இன்டெல் 500 வரிசைச் சிப்செட்டிலிருந்து, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் லெகசி பூட்டை ஆன் செய்யவே முடியாது. அதனால் பழைய டிஸ்க் நன்றாக இருந்தும் பூட் ஆகாது. சரி, புதிதாக ஏற்றிவிடலாம் என்று பென்டிரைவைப் போட்டால், பார்ட்டிஷன் தேர்வு செய்யும் திரையில் "இது எம்பிஆர் டிஸ்க், இதில் விண்டோஸ் நிறுவ முடியாது" என்ற எச்சரிக்கை வரும். உடனே ஒவ்வொரு பார்ட்டிஷனாக டெலிட் அழுத்துவார்கள். எல்லாம் "அன்அலகேட்டட்" ஆனதும் நெக்ஸ்ட் பட்டன் வேலை செய்யும். டி டிரைவில் இருந்த கல்யாண போட்டோவும் வருடக் கணக்கும் அதோடு போச்சு.

டெலிட் செய்யத் தேவையில்லை. அதே திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை டிஸ்க் எண்ணோடு முதலில் "வேலிடேட்" என்று ஓட்டுங்கள். தடை எதுவும் சொல்லவில்லை என்றால் "கன்வர்ட்". ஃபைல்கள் அப்படியே இருக்க, டிஸ்க் ஜிபிடி ஆகிவிடும். பயாஸில் யுஇஎஃப்ஐ பூட் வைத்தால் பழைய விண்டோஸே எழுந்துவிடவும் கூடும். ஆனால் ஒரு நிபந்தனை: பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (தனக்குள் பல டிரைவ்களை அடக்கும் பகுதி) அறவே கூடாது. நம் ஊரில் 500 ஜிபி டிஸ்கை சி, டி, இ, எஃப் என்று கூறுபோடும் பழக்கம் உண்டு. அவற்றில் பல, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் போட்டவை. அப்போது கருவி மறுத்துவிடும். காப்பி எடுத்துவிட்டுப் புதிதாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டு டிஸ்க் உள்ள மெஷினில், விண்டோஸ் ஏற்ற வேண்டிய எஸ்எஸ்டியை மட்டும் விட்டுவிட்டு மற்றதன் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் எஸ்எஸ்டியிலும் அதன் பூட் ஃபைல்கள் பழைய ஹார்டு டிஸ்கிலும் போய் உட்காரக்கூடும். அப்படி ஆனால், பின்னாளில் ஹார்டு டிஸ்கைக் கழற்றினால் விண்டோஸும் எழாது.

டிஸ்க் தெரியவில்லை, நெட் வரவில்லை

11-ஆம் தலைமுறை இன்டெல் முதல் பல லேப்டாப்களில் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே கண்ணுக்குத் தெரியாது. எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் இன்டெலின் விஎம்டி வசதி ஆன் ஆகியிருப்பதுதான் காரணம். பயாஸில் அதை ஆஃப் செய்யலாம்; அல்லது இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் பிரித்து வைத்து "லோட் டிரைவர்" கொடுக்கலாம். எஸ்எஸ்டி பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கிவிடாதீர்கள்.

நெட் பிரச்சினை சின்னதுதான், ஆனால் விண்டோஸ் 11 ஹோம் இன்டர்நெட் இல்லாமல் செட்டப்பைத் தாண்ட விடாது. புதிய போர்டின் லேன் டிரைவரோ வைஃபை டிரைவரோ இன்ஸ்டாலரில் இல்லாமல் போகலாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் (போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தரும் வசதி) ஆன் செய்தால் போதும்.

லைசென்ஸ்

பழைய மெஷின் ஓடும்போதே ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, ஸ்லாஷ், டிஎல்ஐ என்று அடித்துப் பாருங்கள். "ரீட்டெயில்" (தனியாக வாங்கியது) என்று வந்தால் லைசென்ஸ் புதிய போர்டுக்கு வரும். "ஓஇஎம்" (மெஷினோடு வந்தது) என்று வந்தால் அது பழைய போர்டோடு போனது; கம்பெனியே வாரண்டியில் போர்டு மாற்றித் தந்தால்தான் விதிவிலக்கு. ரீட்டெயில் லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு முன்கூட்டியே இணைத்துவிட்டால், பிறகு ஆக்டிவேஷன் டிரபிள்ஷூட்டரில் "சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு பதிப்பு மாறிப்போவது. பழையது ஹோம், புதிதாக ஏற்றியது புரோ என்றால் எந்த அக்கவுண்டும் உதவாது. புதிய போர்டில் தேதி தப்பாக இருந்தாலும் ஆக்டிவேஷன் அடம்பிடிக்கும். கடிகாரத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

கிராக் ஆக்டிவேட்டர் போடச் சொல்பவர், முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்வார். நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டரில் அந்த வேலை வேண்டாம்.

டேலி லைசென்ஸும் மெஷினோடு பிணைந்ததே. போர்டு ஓடினால் முன்பே சரண்டர் செய்து, அதாவது லைசென்ஸை அந்த மெஷினிலிருந்து விடுவித்துவிடுங்கள். ஓடவில்லையென்றால் ரீசெட் செய்ய சீரியல் எண்ணும் அட்மின் மெயிலும் வேண்டும். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்) தாக்கல் செய்பவர்கள் கடைசி நாளான 20-ஆம் தேதியை ஒட்டி இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் டிரைவர் மறுபடி போட வேண்டியிருக்கும்.

ஓசூர் பட்டறைகளுக்கு

சிப்காட் சுற்றுவட்டாரத்தில் சிஎன்சி மெஷினுக்கு (புரோகிராம்படி உலோகத்தை வெட்டும் இயந்திரம்) புரோகிராம் அனுப்ப, சீரியல் போர்ட் உள்ள பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரை இன்னமும் வைத்திருப்பவர்கள் போர்டு வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். புதிய போர்டில் விண்டோஸ் 7 ஏற்ற முயன்றால், யுஎஸ்பி 3 டிரைவர் அதில் இல்லாததால் முதல் திரையிலேயே கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்கும். பின்பக்கம் சீரியல் போர்ட் இல்லாவிட்டாலும் போர்டுக்குள் காம் பின்கள் (சீரியல் போர்ட்டுக்கான பின்கள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் போர்டுக்குப் பொருந்தும் பிராக்கெட் கேபிள் போதும். யுஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டால் காம் எண் 1-க்குப் பதிலாக 3, 4 என்று மாறிவிடும். டிவைஸ் மேனேஜரில் பழைய எண்ணையே கொடுத்து, பாட் ரேட், பாரிட்டி, ஸ்டாப் பிட் என்ற டேட்டா அனுப்பும் அமைப்புகள் மூன்றையும் சிஎன்சி கன்ட்ரோலரில் உள்ளபடி வைத்து, சின்ன புரோகிராம் ஒன்றை அனுப்பி, அங்கே முழுதாக வந்திருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே பழைய போர்டைக் காயலான் கடைக்குப் போடுங்கள்.